கூப்பர் பிளாக்: கொட்டை எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை

கனமான, முனைகள் எல்லாம் வளைந்த தலைப்பு எழுத்துரு ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது கூப்பர் பிளாக்தான். பெயர் தெரியாதவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். ஈஸிஜெட் விமானங்களின் மேல் எழுதியிருப்பது அந்த எழுத்துதான். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுடன் சேர்ந்தே வருவதால், நம் ஊர் டி.டி.பி. கடைகளில் தயாராகும் பிறந்தநாள் பேனர்களிலும் மழலையர் பள்ளித் துண்டறிக்கைகளிலும் ஆங்கில வரி அதில் அமைந்திருப்பதை அடிக்கடி காணலாம். புத்தக அட்டைகளையும் விளம்பரத் தட்டிகளையும் வடிவமைப்பது என் வேலை என்பதால், இந்த எழுத்துருவைப் பயன்படுத்தியும் இருக்கிறேன், ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் பார்த்தும் இருக்கிறேன். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதன் கறுப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் வெற்றி முழுவதும் அந்தக் கறுப்புக்குள் விடப்பட்ட வெள்ளையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, கான்சஸில் வளர்ந்து, ஓவியம் கற்பதற்காகச் சிகாகோவுக்கு வந்தவர். அங்கே ஃபிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் எழுத்து வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃபிரெடெரிக் கவுடி. அதே பள்ளியில் கவுடியிடம் பயின்ற இன்னொருவர் வில்லியம் அடிசன் டுவிகின்ஸ். அமெரிக்க எழுத்துக்கலையில் பின்னாளில் நிலைத்துவிட்ட மூன்று பெயர்கள் இவை. கூப்பர் ஓவியத்தை விட்டு எழுத்தின் பக்கம் திரும்பியது அங்கேதான். 1904இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து பெர்ட்ஷ் அண்டு கூப்பர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களுக்கு வேண்டிய எழுத்தைக் கையால் வரைந்து கொடுப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. பேக்கர்டு கார் விளம்பரங்களுக்காக அவர் வரைந்த எழுத்தை அடிப்படையாக வைத்து அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் ஈய எழுத்து வார்த்து விற்கும் அளவுக்கு அவருடைய கை பிடித்துப்போயிருந்தது.

இந்தப் பின்னணியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்துருவை வடிவமைக்க உட்கார்வதற்கு முன்பே பல ஆண்டுகள் அவர் தூரிகையாலும் மையாலும் சொற்களை வரைந்தவர். கையால் வரைகிறவர் தனி எழுத்தை நினைத்து வரைவதில்லை; பக்கத்தில் என்ன எழுத்து வருகிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை விழுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டேதான் வரைவார். அந்தப் பழக்கம் அவர் பின்னால் செய்த ஈய எழுத்திலும் தெரிகிறது.

சிகாகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்படச்சாலை இருந்தது. அவர்களுக்காகக் கூப்பர் முதலில் செய்தது கூப்பர் ஓல்டுஸ்டைல். அது 1919இல் வெளிவந்தது. நூல்களிலும் விளம்பரங்களிலும் ஓடும் வரிகளுக்கு ஏற்ற, ஓரங்கள் வளைந்த ஓர் அமைதியான எழுத்து. அதனுடைய மிகக் கனமான உடன்பிறப்பாக 1922இல் வந்ததே கூப்பர் பிளாக். தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் உரிய எழுத்து இது என்று கூப்பரே அதை அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். விளம்பர வாசகமும் எழுதத் தெரிந்த மனிதர் அவர்.

கனமான எழுத்து அதற்கு முன்பு இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டன் வார்ப்படச்சாலைகள் சுவரொட்டிகளுக்காகப் பருத்த எழுத்துகளை வார்த்தன. அமெரிக்காவில் மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகள் பெருகின. ஆனால் அந்தப் பழைய பருத்த எழுத்துகளில் கனம் எல்லாம் செங்குத்துக் கோடுகளிலேயே குவிந்திருக்கும். கிடைக்கோடுகள் மயிரிழை போல மெலிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மெலிந்த கோடுகள் கண்ணுக்கு மறைந்துபோய், தனித்தனித் தூண்கள் வரிசையாக நிற்பதுபோலத் தெரியும். செய்தித்தாள் தாளில் அச்சிட்டால் அந்த மெல்லிய கோடுகள் ஒன்று உடையும், இல்லையென்றால் மையில் மூழ்கும்.

கூப்பர் அந்த வழியில் போகவில்லை. அவருடைய எழுத்தில் மெலிந்த இடம் என்று சொல்லக்கூடிய இடமும் ஓரளவு பருமனாகவே இருக்கிறது. ஆங்கிலத்தின் சிறிய ‘ஓ’ ஒன்றை மட்டும் எடுத்து, கணினித் திரை நிறையும்படி பெரிதாக்கிப் பாருங்கள். வெளிக்கோடு ஏறத்தாழ வட்டமாக இருக்கும். உள்ளே உள்ள வெள்ளை வட்டமாக இருக்காது. அது ஒடுங்கிய நீள்வட்டம். நேராக நிற்காமல் மேற்பகுதி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அகல முனைப் பேனாவைக் கோணம் மாற்றாமல் பிடித்து எழுதினால், கோடு மெலியும் இடம் மேலே சற்று இடப்புறமும் கீழே சற்று வலப்புறமும் விழும். பழைய கையெழுத்து மரபில் வந்த அந்தச் சாய்வை, இவ்வளவு கனத்துக்கு நடுவிலும் கூப்பர் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்தின் எலும்புக்கூடு ஓல்டுஸ்டைல் எழுத்தினுடையதேதான். சதை மட்டும் பல மடங்கு ஏறியிருக்கிறது.

இதையே கணினியில் சோதித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு சாதாரண எழுத்தை எடுத்து அதன் ஓரத்துக்கு எல்லாப் பக்கமும் சமமாகக் கனம் ஏற்றிக்கொண்டே போனால், உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை, சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் வடிவமற்ற ஒரு புள்ளியாகிவிடும். ‘ஏ’, ‘ஈ’, ‘எஸ்’ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் முதலில் அடைபட்டுப்போகும். கனமான எழுத்துருவை வடிவமைப்பது என்பது கனத்தை ஏற்றும் வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். எவ்வளவு வெள்ளை மிஞ்ச வேண்டும், அது என்ன வடிவில் மிஞ்ச வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் கறுப்புக்குக் கொடுப்பதுதான் அந்த வேலை. கூப்பரின் சிறிய ‘ஈ’யில் மேலே ஒரு சிறு கண், வலப்புறம் ஒரு சிறு திறப்பு, அவ்வளவுதான் வெள்ளை. அந்த இரண்டும் சரியான இடத்தில் இருப்பதால் எழுத்தைப் படிக்கச் சிரமமே இல்லை.

அடுத்தது முனைகள். கால்களின் நுனியில் வரும் குறுங்கோடுகளைச் செரிஃப் என்கிறோம். கூப்பர் பிளாக்கில் அவை தனிக் கோடுகளாக இல்லாமல் உடலோடு உடலாக வீங்கிக் கலந்துவிடுகின்றன. கூர்மையான மூலை என்பது எங்குமே கிடையாது. இன்னும் கவனித்தால் கால்களின் அடிப்பகுதிகூடத் தட்டையாக இல்லை, மெல்ல வளைந்திருக்கிறது. இதில் ஒரு தொழில் நுட்பம் இருக்கிறது. பொதுவாக ‘ஓ’ போன்ற வட்ட எழுத்தும் ‘எச்’ போன்ற நேர் எழுத்தும் ஒரே கோட்டில் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், வட்ட எழுத்தை அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். எல்லா எழுத்துக்கும் அடி வளைந்தே இருக்கும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதனால் வரி சற்று மேலும் கீழுமாக நின்றாலும் உறுத்துவதில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கையால் ஒட்டிய காலத்தில் இந்தப் பொறுமை இந்த எழுத்துருவுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ‘ஐ’, ‘ஜே’ ஆகிய சிறிய எழுத்துகளின் தலையில் உள்ள புள்ளிகளும் வட்டமாக இல்லாமல் சாய்ந்த நீள்வட்டங்களாக இருக்கின்றன. ‘ஓ’வின் வெள்ளையில் பார்த்த அதே சாய்வு கறுப்பாகத் திரும்ப வருவதை நான் மிகவும் விரும்புகிறேன்.

இன்னொன்று, இறங்கு கோடுகள் குட்டையானவை. ‘பி’, ‘வை’ போன்ற சிறிய எழுத்துகள் கீழே அதிகம் இறங்காததால், இரண்டு வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கலாம். விளம்பரக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

எழுத்து நன்றாக விற்றது. பழைமைவாத அச்சுக்காரர்கள் சிலர் அதைக் கறுப்பு அபாயம் என்று திட்டினார்கள் என்பது அந்த வரலாற்றின் ஒரு பகுதி. திட்டியவர்கள் திட்டிக்கொண்டிருக்க, போட்டி நிறுவனங்கள் தங்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று ஓடின. லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனத்துக்காக 1925இல் கவுடி ஹெவிஃபேஸ் என்ற கனமான எழுத்தை வரைந்தவர், கூப்பருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த அதே கவுடி. அதே காலத்தில் கூப்பர் ஹைலைட் என்று, எழுத்தின் உடலில் வெளிச்சம் பட்டதுபோல ஒரு வெள்ளைக் கீற்று விட்ட வகையும், சாய்வெழுத்து வகையும் வெளிவந்தன. நம் ஊர்ப் பெயர்ப்பலகை ஓவியர்கள் எழுத்தை வரைந்து முடித்தபின் இடப்பக்க ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து அதைப் புடைத்து நிற்கச் செய்வார்களே, அதே உத்தி. கூப்பர் 1940இல் இறந்தார்.

அவருடைய எழுத்துக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது 1960களில். ஈய எழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் மேல் நிற்பதால், இரண்டு எழுத்துகளை அந்தக் கட்டை அனுமதிக்கும் தூரத்துக்கு மேல் நெருக்க முடியாது. எழுத்தைப் படச்சுருளிலிருந்து ஒளியால் பதிக்கும் படமுறை அச்சுக்கோப்பும், தாளில் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட்டும் வந்தபிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. எழுத்துகளை ஒன்றோடொன்று உரசும்படி வைக்கலாம் என்று ஆனதும் கூப்பர் பிளாக்கின் முழு அழகும் வெளிப்பட்டது. பீச் பாய்ஸ் குழுவின் பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டு உறை, 1966. மேலே பச்சைப் பட்டையில் நெருக்கி அமைத்த அந்த வரிகளைப் பாருங்கள். எழுத்துகளின் உள்ளே உள்ள வெளியும் எழுத்துகளுக்கு இடையே உள்ள வெளியும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால், சொல் முழுவதும் ஒரே துணியில் நெய்ததுபோல இருக்கிறது. கூப்பர் கையால் வரைந்த நாளில் இப்படித்தான் வரைந்திருப்பார். ஈயத்தால் கொடுக்க முடியாததை நாற்பது ஆண்டுகள் கழித்துப் படச்சுருள் கொடுத்தது.

அதன் பிறகு நியூயார்க் தெருக்கள். 1970களிலும் 80களிலும் அந்நகரத்து இளைஞர்கள், குறிப்பாக ஹிப்ஹாப் நடனக்காரர்கள், தங்கள் பெயரையும் குழுவின் பெயரையும் டி-சர்ட்டிலும் ஜாக்கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிக்கொண்டார்கள். கடைகளில் தனித்தனி எழுத்தாக விற்ற அந்த வெல்வெட் எழுத்துகளில் கூப்பர் பிளாக் மிகப் பரவலானது. இதற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். வாகனங்களுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: ஒட்டிய எழுத்து முதலில் தூக்கிக்கொள்வது கூர்மையான மூலையில்தான். மெல்லிய கோடாக இருந்தால் வெட்டியபின் மிச்சத்தை உரித்தெடுக்கும்போதே சேர்ந்து வந்துவிடும். மூலையே இல்லாத, மெல்லிய கோடே இல்லாத எழுத்து பிடித்த பிடியை விடாது. துணியாக இருந்தாலும் வண்டியின் கண்ணாடியாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

ஈஸிஜெட் 1995இல் தொடங்கியபோது ஆரஞ்சும் கூப்பர் பிளாக்கும் அதன் அடையாளமாயின. குறைந்த கட்டண விமான நிறுவனம், பழைய விமான நிறுவனங்களின் நேர்த்தியான மெல்லெழுத்தைத் தவிர்த்து, கடைத்தெருவில் பழகிய எழுத்தைத் தேர்ந்தது புத்திசாலித்தனம். அண்மை ஆண்டுகளிலும் இந்த மென்மையான கனம் திரும்பி வந்திருக்கிறது. சோபானி தயிர் நிறுவனம் 2017இல் தன் அடையாளத்தை மாற்றியபோதும், பர்கர் கிங் 2021இல் மாற்றியபோதும் முனை வளைந்த பருத்த எழுத்துகளையே நாடின. உண்ணும் பொருளை விற்கிறவர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். முனை வளைந்த எழுத்து எல்லாம் ஒரே இனம் இல்லை. லெட்ராசெட் 1970இல் வெளியிட்ட ஃபிராங்ஃபர்ட்டர், ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்காக 1979இல் உருவான வி.ஏ.ஜி. ரவுண்டட் ஆகியவற்றில் கோடு முழுவதும் ஒரே பருமனில் குழாய் போல ஓடி, நுனியில் அரைவட்டமாக முடிகிறது. அவற்றின் மென்மை நுனியில் மட்டும் இருக்கிறது. கூப்பர் பிளாக்கில் மென்மை எழுத்தின் உடல் முழுவதும் பரவியிருக்கிறது. அதனால்தான் முன்னவை பொம்மைக் கடைக்கும் கருவிகளின் பொத்தான்களுக்கும் பொருந்துகிற அளவுக்கு, ஒரு நாவலின் அட்டைக்கோ பழைய பாட்டுக் கச்சேரியின் சுவரொட்டிக்கோ பொருந்துவதில்லை.

பயன்பாட்டில் எனக்குள்ள கண்டிப்பு ஒன்றே: சிறிய அளவில் இதை வைக்கவே கூடாது. அழைப்பிதழில் முகவரி வரிகள் வரை இதிலேயே அமைத்துவிடுகிறார்கள். உள்வெளி அடைபட்டால் இந்த எழுத்துருவிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. இரண்டு, மூன்று சொற்கள், பெரிய அளவு, நெருக்கமான இடைவெளி. மற்ற எல்லா வரிகளும் மெலிந்த, அமைதியான வேறோர் எழுத்தில். ஆங்கிலச் சொற்களை முழுவதும் பெரிய (கேப்பிட்டல்) எழுத்திலேயே அமைப்பதும் சரியில்லை. கூப்பரின் அழகு சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தபின், தமிழில் இப்படி ஒன்று எப்படி அமையும் என்ற கேள்வி எனக்கு எப்போதும் எழுகிறது. தமிழுக்கு இன்று எளிதில் கிடைக்கும் கனமான வட்டமுனை எழுத்துரு பலூ தம்பி. மும்பையின் ஏக் டைப் குழு இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் செய்த பலூ குடும்பத்தின் தமிழ் உறுப்பினர். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. முதலில் ஒரே கனத்தில் வந்தது, பிறகு ஐந்து கனங்களில் விரிந்தது. அது செரிஃப் இல்லாத வகை என்பதால் கூப்பரின் நேர் வாரிசு அல்ல. ஆனால் கனத்துக்குள் வெள்ளையைக் காப்பாற்றும் அதே சிக்கலைத் தமிழில் எதிர்கொண்ட எழுத்துரு என்ற வகையில் ஊன்றிப் பார்க்க வேண்டியது.

சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வெள்ளைகள். தமிழில் மூன்று சுழி ‘ண’ இருக்கிறது. ஒரே எழுத்தின் அகலத்துக்குள் மூன்று சுழிகளும் அவற்றின் இடைவெளிகளும் அடங்க வேண்டும். கனத்தை ஏற்றினால் அகலமும் ஏறியே தீரும். அகலத்தை அடக்கினால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் ஆகிவிடும். ‘ஞ’, ‘இ’, ‘ஐ’ ஆகியவற்றிலும் இதே நெருக்கடி. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் பிரிந்து, மற்ற ஐகாரங்களைப் போலவே எழுதப்பட்டது கனமான எழுத்துருக்களுக்கு மிகப் பெரிய உதவி; பழைய வடிவங்களைக் கூப்பர் பிளாக்கின் கனத்தில் வார்ப்பதை நினைத்துப்பார்க்கவே கடினமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் ‘ப’, ‘ட’, ‘ம’ போன்ற மூலையுள்ள எழுத்துகள். ‘ப’வின் அடி மூலைகளை அதிகமாக வளைத்தால் அது ஆங்கில ‘யூ’ ஆகிவிடும். வெளிமூலையை மெல்ல வளைத்து, உள்வெள்ளையின் மூலையைச் சற்றுச் சதுரமாகவே விட்டால் ‘ப’ ‘ப’வாக நிற்கும். வெள்ளையின் வடிவமே எழுத்தை அடையாளம் காட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

புள்ளி வேறொரு கதை. கூப்பருக்கு இரண்டே எழுத்துகளில் புள்ளி இருந்ததால் அவற்றைச் சாய்த்து அழகு பார்க்க முடிந்தது. ‘தமிழ்ப் பண்பாட்டுக் கழகம்’ என்ற மூன்றே சொற்களில் ஆறு புள்ளிகள் வருகின்றன. அத்தனையும் சாய்ந்து நின்றால் வரிக்கு மேலே தனி ஊர்வலம் போவதுபோல இருக்கும். தமிழில் புள்ளி வட்டமாக, எழுத்தின் கோட்டுப் பருமனைவிடச் சற்றே பெரிதாக, எழுத்தின் தலையிலிருந்து தெளிவாக விலகி நிற்பதே நல்லது. ஒட்டிவிட்டால் ‘க’வா ‘க்’கா என்று தூரத்தில் தெரியாது. இந்தப் புள்ளிகளாலும், மேலே வளையும் ‘கி’, ‘கீ’ கொக்கிகளாலும், கீழே இறங்கும் ‘கு’, ‘மூ’, ‘தூ’ வால்களாலும் கூப்பர் பிளாக்கைப்போல வரிகளை நெருக்கி அடுக்கும் வசதி தமிழுக்குக் கிடையாது. அதை இழப்பாக நான் நினைக்கவில்லை. தலைப்பை ஒரே வரியில் முடிக்கும்படி எழுதுங்கள் என்று நூலாசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். ‘பொறுப்பேற்றுக்கொண்டவர்களுக்கு’ போன்ற சொல் தலைப்பில் இருந்தால் கனமான எழுத்துருவை எடுப்பதே இல்லை.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் பலகையில் இன்னொரு கவனம் வேண்டும். ஒரே பாயின்ட் அளவில் வைத்தால், மேலும் கீழும் உறுப்புகள் உள்ள தமிழ் வரி தளர்ந்தும், திரண்ட உடலுள்ள கூப்பர் பிளாக் அதை அழுத்திக்கொண்டும் நிற்கும். ஆகையால் தமிழ் வரியை முதலில் அமைத்து, ‘ப’, ‘ம’ போன்ற எழுத்துகளின் உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் உடல் அந்த உயரத்தைத் தாண்டாதபடி ஆங்கில வரியைக் குறைக்கிறேன். அப்படிக் குறைத்தபின்னும் ஆங்கிலம் கறுத்துத் தெரிந்தால், பலூவில் அடுத்த கனத்துக்குத் தமிழை ஏற்றிக்கொள்கிறேன்.